மேடே இல்லாத சாலையில் சைக்கிள் ஏன் நின்றது? திருப்புல்லாணி – ராமநாதபுரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஊட்டியில் ஏன் யாரும் சைக்கிளில் வேலைக்குப் போவதில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: மேடு. 2,240 மீட்டர் உயரத்தில், பக்கத்துத் தெருவுக்குப் போகவே ஏறி இறங்க வேண்டிய ஊரில் அந்தப் பதிலை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மலையைக் காட்டியதும் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்தப் பதில் முழுக்கச் சரி என்றால் எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் சைக்கிள் நிறைந்து வழிய வேண்டும். வடக்கே தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை சொல்லும்படியான ஏற்றம் எதுவும் கிடையாது. ராமேஸ்வரம் தீவின் உயரமான இடம் கந்தமாதன பர்வதம். அதுவும் ஒரு மணல்மேடுதான். பெடலை அழுத்தி மிதிக்க வைக்கிற ஏற்றம் என்று பார்த்தால், 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தைச் சொல்லலாம்.

ஆனால் காலை எட்டரை மணிக்கு ராமநாதபுரத்துக்குள் வரும் சாலைகளில் ஏதாவது ஒன்றில் நின்று பாருங்கள். சைக்கிளில் வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிச் சீருடையில் இருப்பார்கள். சம்பளத்துக்குப் போகிறவர்கள் பைக்கில், மொபெட்டில், டவுன் பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில் வருகிறார்கள். வீட்டில் சைக்கிள் இல்லாமல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதத்தினர் சைக்கிள் வைத்திருந்தார்கள். அதே கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவீதத்தினர்தான் சைக்கிளில் போனார்கள். சைக்கிள் வாசலில் நிற்கிறது, ஆள் வேறு வண்டியில் போகிறார்.

நான் சைக்கிள் கடை வைத்திருப்பவன். அப்பா காலத்தில் அது மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடை. இப்போது பழுதுபார்க்கும் கடை. இந்தக் கேள்வி என் பிழைப்போடு சேர்ந்தது. அதனால் என் அக்கா மகன் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்து, பாதியில் விட்டு, மறுபடி வேறு விதமாகத் தொடங்கிய கதையை ஆதியிலிருந்து அந்தம் வரை எழுதிவைக்கிறேன். இதே கடற்கரையில் இன்னொருவர் முயன்று பார்க்கும்போது உதவும்.

ஆளும் பாதையும்

அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். திருப்புல்லாணியில் வீடு. ராமநாதபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறான். காலை ஒன்பதரைக்குப் போய் மாலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். தூரம் சுமார் 10 கிலோமீட்டர், நேரான தார்ச்சாலை. சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது, தினமும் உடம்பு அசைய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெட்ரோல் செலவும் கையைக் கடித்தது. "மாமா, ஒரு நல்ல சைக்கிளா பார்த்துக் குடுங்க" என்று வந்தான். பழைய ரோட்ஸ்டர் ஒன்றை ஓவராயில் செய்து, புது டயர், புது செயின் போட்டுக் கொடுத்தேன்.

தை மாதக் கடைசியில் ஆரம்பித்தான். வாடைக் காற்றின் வேகம் அடங்கி, வெயில் இன்னும் ஏறாத காலம் அது. காலையில் வடக்கே போகும்போது லேசான எதிர்காற்று, மாலையில் திரும்பும்போது அதே காற்று முதுகில். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சைக்கிளே தேவலை என்றான். மாசி முழுக்க அப்படியே போனது. எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

பங்குனியில் சாயங்காலங்கள் மாறின. மதியத்துக்கு மேல் தரை கொதித்ததும் கடலிலிருந்து காற்று உள்ளே வர ஆரம்பித்தது. அவன் வீடு திரும்பும் திசையும் கடலைப் பார்த்துத்தான். வைகாசி தாண்டி ஆனி வந்ததும் கச்சான் பிடித்துக்கொண்டது. தென்மேற்குப் பருவக்காற்றை இந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். திருப்புல்லாணி, ராமநாதபுரத்துக்குத் தெற்கே, சற்று மேற்காக இருக்கிற ஊர். கச்சானுக்கு நேர் எதிரே போகிற பாதை.

ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்து, "மாமா, வண்டியில ஏதோ புடிக்குது. பிரேக் கட்டை உரசுதான்னு பாருங்க" என்றான். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். நிற்காமல் சுழன்றது. பிரீவீல் சரி, கோன் சரி, செயினில் இறுக்கம் இல்லை. சைக்கிளில் ஒரு குறையும் இல்லை. அவன் முகத்தில் அப்பியிருந்த மணலைப் பார்த்த பிறகுதான் எதில் குறை என்று புரிந்தது.

காற்று என்கிற ஏற்றம்

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தேன். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிள். பழக்கமுள்ள ஒருவர் மூச்சு வாங்காமல் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். காற்றில்லாத சமதளத்தில் அந்த 100 வாட்டுக்கு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரும். 10 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். எதிரே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அதே உழைப்புக்கு வேகம் 11க்குக் கீழே இறங்கிவிடும். பாதை அதேதான், நேரம் 55 நிமிடம்.

காற்றின் தடை நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஓட்டுகிறவரின் வேகத்தோடு எதிர்காற்றின் வேகமும் கூடித்தான் முகத்தில் அடிக்கிறது. இந்த எதிர்காற்று தரும் கூடுதல் சுமையை ஏற்றமாக மாற்றிப் பார்த்தால், 100 மீட்டருக்கு 3 மீட்டர் உயரும் சாலைக்குச் சமமாக வருகிறது. அப்படி ஒரு ஏற்றம் வீடு வரைக்கும் விடாமல் 10 கிலோமீட்டர் நீண்டால் எப்படி இருக்கும்? உண்மையான சாலை அப்படி இருந்தால் கடைசியில் 300 மீட்டர் உயரத்தில் ஒரு மலைமேல் நிற்போம். என் மருமகன் ஆனி மாதத்தில் தினமும் மாலை ஏறியது அந்த மலைதான். கண்ணுக்குத் தெரியாததால், தனக்குத்தான் தெம்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். இந்தக் கரையில் சைக்கிளை விட்டவர்கள் பலர் இப்படித்தான் தங்கள் உடம்பைக் குறைசொல்லி விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு மனசு கேட்காத இடம் இதுதான்.

மலையூருக்கும் கடற்கரை ஊருக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. மலை, வாங்கிய கடனைத் திருப்பித் தந்துவிடும்; ஏறியவருக்கு இறக்கம் நிச்சயம். கடற்காற்றை அப்படி நம்ப முடியாது. பங்குனி, சித்திரையில் காலைக் காற்று அசைவதே இல்லை. போகும்போது உதவாத காற்று, களைத்துத் திரும்பும்போது எதிரே நிற்கிறது. மேடு ஓரிடத்தில் இருப்பதால் அங்கேயே ஒரு வழி பண்ணலாம். நார்வேயின் ட்ரொன்ஹெய்ம் நகரில் 1993இல் ஒரு செங்குத்துத் தெருவின் ஓரத்தில், சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் காலைத் தாங்கி 130 மீட்டர் தூரம் மேலே தள்ளிவிடும் இழுவை அமைத்தார்கள். காற்றுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் பாடமே இல்லை. வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் போவது என்று பார்த்துத்தான் படகை இறக்குகிறார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்று பிரித்துச் சொல்கிற ஊர் இது. பாம்பன் ரயில் பாலத்தில் காற்றை அளந்துதான் ரயிலையே விடுகிறார்கள். கரைமேல் சாலை போடும்போது மட்டும் காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போதும் சைக்கிளில் போகிறவர்கள் யார் என்று பார்த்தபோது இது இன்னும் தெளிவாயிற்று. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்குப் போகிறவர்கள், பேப்பர் போடுகிறவர்கள், பால் ஊற்றுகிறவர்கள். இவர்கள் வேலை விடியும் முன் தொடங்கி, காற்று கிளம்புவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஒன்பதரைக்குப் போய் ஆறுக்குத் திரும்புகிற ஆபீஸ், கடை நேரம் இந்தக் கரையின் காற்றுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத நேரம்.

முள்ளும் உப்பும்

காற்று ஒன்றுதான் காரணம் என்றால் ஆவணி, புரட்டாசிக்குப் பிறகு எல்லாரும் திரும்பி வந்திருக்க வேண்டும். வருவதில்லை. இடையில் வண்டி கெட்டுப்போய்விடுகிறது.

சீமைக் கருவேலம் இல்லாத சாலையோரம் இந்த மாவட்டத்தில் அபூர்வம். விறகுக்கு உதவும் என்று கொண்டுவந்து பரப்பிய மரம். இன்று கரிமூட்டம் போடுவது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. வெட்டிய விறகை ஏற்றிப்போகும் வண்டிகளிலிருந்து முள் சிந்திக்கொண்டே போகும். அது டயரைத் துளைத்து டியூபில் இறங்கினால் உடனே தெரியாது. காற்று மெல்ல மெல்லக் கசிந்து, சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வரும்போது சக்கரம் தரையில் உட்கார்ந்திருக்கும். பஞ்சர் ஒட்டும் காசு பெரிதில்லை. அந்த நேரத்தில் கடை தேடித் தள்ளிக்கொண்டு போவதுதான் ஆளை வெறுக்க வைக்கிறது. முன்பு ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இருந்தது. இப்போது இருப்பதெல்லாம் டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் போடும் பைக் கடைகள். சைக்கிள் டியூபைக் கையில் வாங்கவே யோசிக்கிறார்கள்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாலையின் மேற்கு ஓரத்தில் கருவேலம் புதராக அடர்ந்திருக்கும் பகுதியில் போனால் காற்று பாதியாகக் குறைகிறது. முள்ளைப் போடுவதும் அந்த மரம்தான், காற்றை மறைப்பதும் அதுதான். அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. நிலத்தடி நீருக்காகக் கவலைப்படுகிறவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வெட்டிய இடத்தில் வேறு எதுவும் நடாமல் விட்டால், சைக்கிளில் போகிறவரைப் பொறுத்தவரை ஒரு சுவரை இடித்ததுபோல்தான்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடலோர ஊர்களிலிருந்து வரும் சைக்கிள்களில் போக்ஸ் கம்பி நிப்பிள் பக்கம் முதலில் அரிக்கும், அப்புறம் செயின், அப்புறம் ரிம். பரமக்குடிப் பக்கம் உழைக்கிற செயின் இங்கே பாதிக் காலம்கூட வராது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டால் நிலைமையே வேறு. நல்ல தண்ணீரைக் குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் வீட்டில் யாரிடம் போய் அதைச் சொல்வது?

பெண்களின் கணக்கு வேறு

என் மருமகனின் கதையில் பெண்கள் இல்லை. ஆனால் அவர்களை விட்டுவிட்டு இந்த ஆய்வை முடித்தால் அரைகுறையாகத்தான் இருக்கும். கடைக்கு வரும் சைக்கிள்களில் நிறைய, பிள்ளைகளுக்குப் பள்ளியில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்கள். பதினொன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் இரண்டு பேராக, மூன்று பேராகச் சேர்ந்து எதிர்காற்றில் பேசிக்கொண்டே மிதித்துப் போவதைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அதே பெண் அதே சைக்கிளில் வேலைக்குப் போவதைப் பார்ப்பது அரிது. வண்டி தம்பிக்குப் போய்விடுகிறது, இல்லை திண்ணையில் சாய்ந்துவிடுகிறது.

பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஓட்டக் கற்றார்கள். பஸ் வராத ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பது அன்று அவர்களுக்குப் பெரிய விடுதலை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ராமநாதபுரத்து ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், காசில்லாமல், நிழலில், கூட நாலு பேரோடு பஸ்ஸில் வருவதை விட்டுவிட்டு ஏன் சைக்கிள் மிதிக்க வேண்டும்? அவர் எடுத்தது சரியான முடிவு. பஸ் ஓடும் தடத்திலிருந்து வீடு இரண்டு, மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருப்பவர்களுக்குத்தான் சைக்கிள் வேண்டும். வீட்டிலிருந்து ஸ்டாப் வரை சைக்கிள், அங்கிருந்து பஸ். அதற்கு ஸ்டாப் பக்கத்தில் நம்பிப் பூட்டிவிட்டுப் போக ஓர் இடம் வேண்டும். இந்தச் சாலையில் அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை.

ஆண்களைத் தடுப்பதில் கௌரவத்துக்கும் பங்கு உண்டு. வளைகுடா நாட்டுப் பணம் வரும் வீடுகளில் முதலில் வாசலுக்கு வருவது பைக். மீன் வியாபாரிகள் சைக்கிள் கேரியரை விட்டு மொபெட்டுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஐஸ் கரைவதற்குள் கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய தொழிலில் அது நியாயம்தான். ஆனால் அவர்களோடு சேர்ந்து சைக்கிளும் ஆண்களின் வண்டி என்கிற தகுதியை இழந்தது. "இன்னும் சைக்கிள்லயா போறீங்க?" என்று அக்கறையாகத்தான் கேட்பார்கள். என் மருமகனைத் தெருவில் மூன்று, நான்கு பேர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். காற்றைவிட அது கொஞ்சம் அதிகமாகவே அவனைத் தள்ளியது என்பது என் கணிப்பு.

என்ன மாற்றினோம்

ஆடியில் சைக்கிளை என் கடையிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டான். பஞ்சர், வியர்வை, தெருவின் பேச்சு எல்லாம் சேர்ந்து. நானும் வற்புறுத்தவில்லை. கச்சான் தணிந்த பிறகு உட்கார்ந்து பேசினோம்.

முதலில் பின்பக்கம் 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் போட்டு, செயினைக் கொஞ்சம் நீட்டினேன். ஒரு மிதிக்கு வண்டி போகும் தூரம் குறையும், அழுத்தம் லேசாகும். இதனால் நேரம் மிச்சமாகவில்லை, முட்டிவலி போயிற்று. ஹாண்டில்பாரைத் தாழ்த்தி, முதுகு கொஞ்சம் குனியும்படி வைத்தேன். காற்றில் அது உடனே தெரிகிறது. டயருக்கும் டியூபுக்கும் நடுவில் பழைய டியூபை வெட்டிப் பட்டையாகப் போட்டேன். வண்டி கனத்தாலும் முள் இறங்குவது வெகுவாகக் குறைந்தது. அப்பா காலத்து வழி அது, யாருக்கும் செலவில்லாதது.

அவன் முதலாளி நல்ல மனிதர். பின்கட்டில் குழாயடியும் சட்டை மாற்ற ஒரு மறைப்பும் கொடுத்தார். கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வை காயாது என்பதால், கழுவிக்கொள்ள இடம் இல்லாத வேலைக்குச் சைக்கிளில் போவது நடக்காத காரியம். நாங்கள் செய்ததில் எது பெரிது என்று கேட்டால் அந்தக் குழாயடியைத்தான் சொல்வேன்.

மாலைக் காற்றுக்கு வழி தற்செயலாகக் கிடைத்தது. ராமநாதபுரம் சந்தையில் சரக்கு எடுத்துக்கொண்டு மாலையில் கீழக்கரைக்குத் திரும்பும் குட்டி யானை வேன் ஒன்று கடை வழியாகத்தான் போகும். ஓட்டுகிறவர் எங்களுக்குப் பழக்கம். காற்று கடுமையான நாட்களில் சைக்கிளை அதில் போட்டுக்கொண்டு திருப்புல்லாணியில் இறங்கிவிடுகிறான். காலையில் கச்சான் முதுகில் தள்ள, ஒன்பதரை மணிக் கடைக்கு ஒன்பதுக்கே போய்விடுகிறான். கணக்குப்படி, 20 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால் அதே 100 வாட்டுக்கு வேகம் 30ஐத் தாண்டும். ஒருவழிச் சைக்கிள் என்பது அரைச் சைக்கிள் இல்லை. அவன் உடம்புக்கு வேண்டியது அதிலேயே கிடைக்கிறது.

இது ஒருவருக்கு ஒத்துவந்த வழி. எல்லாருக்கும் குட்டி யானை கிடைக்காது. அதைத்தான் டவுன் பஸ் செய்யலாம் என்கிறேன். முன்பு பஸ் கூரையில் கூடையும் மூட்டையும் ஏறிய ஊர் இது. ஆனி முதல் ஆவணி வரை மாலை நேரப் பஸ் ஒன்றிரண்டின் பின்னால் நாலு சைக்கிள் மாட்டும் கம்பிச் சட்டம் வைத்தால் போதும்.

சாலையின் தென்மேற்கு ஓரத்தில் மரம் வைப்பது இன்னொன்று. காற்றுத் தடுப்பு மரவரிசை, தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்றைத் தணிக்கும். பனை மட்டும் வைத்தால் போதாது, அதன் அடிமரம் மொட்டையாக இருப்பதால் ஆள் உயரத்தில் காற்று புகுந்துவிடும். பனைக்கு நடுவில் புங்கம், வேம்பு, கீழே தாழ்ந்து அடர்கிற செடி என்று அடுக்காக வேண்டும். சுவர் மாதிரி அடைத்துவிடாமல், கொஞ்சம் காற்று ஊடுருவும்படி இருந்தால் மறுபக்கம் சுழல் அடிக்காது. கருவேலத்தை ஒரே மூச்சில் அகற்றாமல், இவை தலையெடுத்த பிறகு பகுதி பகுதியாக எடுக்கலாம். மதிய வெயிலுக்கு நிழலும் அப்படித்தான் திரும்ப வரும்.

பேட்டரி சைக்கிளையும் பார்த்தோம். 250 வாட் வரை மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம் உள்ள வண்டிக்குப் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. அவன் 100 வாட்டோடு மோட்டார் இன்னொரு 100 வாட் சேர்த்தால், அந்த 55 நிமிட எதிர்காற்று 36 நிமிடமாகச் சுருங்குகிறது. மலையூர்களுக்கு எது வழியோ அதுவே இங்கேயும் வழியாகிறது. ஆனால் இங்கே முதலில் சாகப்போவது பேட்டரி இல்லை, உப்புக்காற்றில் பச்சை பூக்கும் ஒயர் இணைப்புகள். ஒரு வண்டியை வாங்கி, இணைப்புகளையெல்லாம் கிரீஸ் தடவி ரப்பர் உறையில் மூடி, ஒரு கச்சான் காலம் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். விலையில் பாதியை நான் போடுகிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.